பழைய வண்டிக்குப் புதிய உறுப்பு

திருச்சிராப்பள்ளியில் டி.வி.எஸ். டோல்கேட் என்று ஓர் இடம் இருக்கிறது. பேருந்து நடத்துநர்கள் அப்பெயரை நாள்தோறும் கூவக் கேட்கிறோம். அங்கே இறங்கிப் பழைய சுங்கச் சாவடியைத் தேடுகிறவர் ஏமாந்து போவார். அது மறைந்து நெடுங்காலம் ஆயிற்று. பெயரின் பிற்பாதி, சாலையில் உருளும் சக்கரத்துக்கு வரி வாங்கிய காலத்தின் எச்சம். முற்பாதி, தென்னாட்டில் மோட்டார்ப் போக்குவரத்தை வளர்த்தவர்களுள் முதன்மையான திருக்குறுங்குடி டி.வி. சுந்தரம் ஐயங்காரின் தலைப்பெழுத்துகள். ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடத்தைத் தாண்டினால் நம்பர் ஒன் டோல்கேட் என்று இன்னோர் இடப்பெயர். கல்வெட்டைப் படித்தால்தான் வரலாறு தெரியும் என்பதில்லை. பேருந்தின் நெற்றிப் பலகையைப் படித்தாலும் சிறிது தெரியும்.

மாணவ நண்பர்களே, இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. பழைய மோட்டார் கார் வைத்திருக்கும் ஒருவர், அதில் ஓர் உறுப்புத் தேய்ந்து போகவே, உள்ளூர்க் கடைக்குச் சென்று மாற்று உறுப்பு ஒன்று கேட்கிறார். கடைக்காரர் அலமாரியிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை எடுத்து வைக்கிறார். வாங்கி வந்து பொருத்துகிறார்கள், பொருந்திவிடுகிறது. இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ‘பொருந்திவிடுகிறது’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் வியப்பு முழுவதும் இருக்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் வார்த்த இரும்பும், சென்ற ஆண்டு வேறோர் ஊரில் கடைந்த இரும்பும், ஒன்றையொன்று முன்பின் கண்டிராதவை, எவ்வாறு பொருந்துகின்றன? சில வண்டிகளுக்கு அவ்வுறுப்பு எளிதில் கிடைப்பதும், வேறு சிலவற்றுக்கு எத்தனை பணம் கொடுத்தாலும் கிடைக்காததும் ஏன்? இவ்விரு வினாக்களுக்கும் விடை கடைக்காரரின் அலமாரியில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது.

நம் முன்னோர் வண்டி செய்த முறையில் இது நடவாது. மாட்டு வண்டிச் சக்கரத்தில் ஓர் ஆரக்கால் முறிந்தால், தச்சர் அந்தக் குடத்தின் துளையை அளந்து, அந்தத் துளைக்கென்றே ஓர் ஆரக்காலைச் செதுக்குவார். அது அடுத்த வீட்டு வண்டிக்கு உதவாது. ஸ்ரீரங்கத்துத் தேர்களும் இத்தகையனவே. தைத் தேரின் அச்சுப் பழுதுபட்டால் அதைக் கடையில் கேட்க முடியாது. அந்தத் தேருக்கென்றே செய்தாக வேண்டும். (இதில் பிற்காலத்தில் ஒரு புதுமை நேர்ந்தது. திருவெறும்பூரில் கொதிகலன் செய்யும் பாரத மிகுமின் நிறுவனத்தார் கோயில் தேர்களுக்கு இரும்புச் சக்கரங்கள் செய்து கொடுத்தனர். திருவாரூர் ஆழித்தேருக்கு ஹைட்ராலிக் பிரேக்கே அமைத்துத் தந்தனர். ஆயினும், முட்டுக்கட்டை போடுகிறவர்கள் தேரோடு ஓடுவது இன்னும் நிற்கவில்லை.)

தொடக்ககால மோட்டார் வண்டிகளும் ஏறத்தாழத் தேர்களைப் போன்றவைதாம். ஒவ்வொன்றையும் தேர்ந்த கைவினைஞர்கள் அரம் கொண்டு தேய்த்துத் தேய்த்துப் பொருத்தினார்கள். ஒரே தொழிற்சாலையில் ஒரே வாரத்தில் செய்த இரண்டு வண்டிகளின் உறுப்புகளைக்கூட ஒன்றுக்கொன்று மாற்ற இயலாது. புது உறுப்பு வந்தாலும் அரம் பிடிப்பவர் ஒருவர் உடன் வரவேண்டும்.

இந்நிலை மாறியதற்கு முதல் வித்து மோட்டார் தோன்றுவதற்கு முன்பே விழுந்தது. 1841-ஆம் ஆண்டில் ஜோசப் விட்வொர்த் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர், திருகாணிகளின் மரை எல்லாப் பட்டறையிலும் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்று ஒரு திட்டம் வகுத்தார். மரையின் கோணம் 55 பாகை; இத்தனை பருமனுள்ள ஆணிக்கு அங்குலத்துக்கு இத்தனை மரை என்று ஒரு பட்டியல். அதுவரை ஒவ்வொரு பட்டறைக்கும் ஒவ்வொரு மரை. ஓர் ஆணி தொலைந்தால், அதைச் செய்த பட்டறைக்கே திரும்பிப் போகவேண்டும். விட்வொர்த்தின் பட்டியல் இங்கிலாந்திலும், ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளிலும் பரவியது. அமெரிக்கர் அதை ஏற்கவில்லை. 1864-ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரத்து வில்லியம் செல்லர்ஸ் 60 பாகைக் கோணத்தில் வேறொரு முறை சொன்னார். அமெரிக்கா அதைப் பின்பற்றியது. கால் அங்குல ஆணிக்கு இரு முறையிலும் அங்குலத்துக்கு 20 மரைதான். அரை அங்குல ஆணிக்கோ ஆங்கில முறையில் 12, அமெரிக்க முறையில் 13. ஒரே ஒரு மரைதான் வேற்றுமை. ஆனால் மூன்றாவது சுற்றில் இரும்பு இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஐரோப்பாக் கண்டத்தாரோ மில்லிமீட்டரில் அளந்தார்கள். இம்மூன்று மரபுகளும் கப்பலேறி நம் நாட்டுக்கு வந்து சேர்ந்தன என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இது நமக்கு வேண்டும்.

மரை ஒன்றானால் போதாது. உறுப்பு முழுவதும் ஒன்றாக வேண்டும். அதை உலகறியக் காட்டிய நிகழ்ச்சி 1908-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நடந்தது. அமெரிக்காவில் ஹென்றி லேலண்ட் நடத்திய காடிலாக் தொழிற்சாலையின் வண்டிகளை லண்டனில் விற்ற பிரெடெரிக் பென்னெட், ஒரு சோதனைக்குத் தாமே முன்வந்தார். அரச மோட்டார்க் கழகத்தார் அவருடைய இருப்பிலிருந்து மூன்று வண்டிகளைத் தேர்ந்தெடுத்து, புரூக்லண்ட்ஸ் பந்தயச் சாலைக்கு ஓட்டிச் சென்று, அக்கக்காகக் கழற்றினார்கள். வண்டி ஒன்றுக்கு 721 உறுப்புகள். மூன்று வண்டிகளின் உறுப்புகளையும் ஒரே குவியலாகக் கலந்தார்கள். அதுவும் போதாதென்று, நுட்பமான அளவு வேண்டிய 89 உறுப்புகளை எடுத்துப் பூட்டி வைத்துவிட்டு, அவற்றுக்கு ஈடாக விற்பனையாளரின் கடைச் சரக்கிலிருந்து புதியவற்றைக் கொண்டுவரச் சொன்னார்கள். பிறகு ஸ்பானரும் திருப்புளியும் மட்டும் கையிலிருக்க, மூன்று வண்டிகளையும் மறுபடியும் பூட்டினார்கள். வெவ்வேறு வண்ண உறுப்புகள் கலந்துவிட்டதால் அவை கோமாளி உடை போலப் பல நிறத்தில் நின்றன. நின்றது மட்டுமன்று, ஒவ்வொன்றும் 500 மைல் ஓடியது. அவ்வாண்டுக்குரிய டூவர் கோப்பை காடிலாக்குக்குக் கிடைத்தது.

அந்தக் கடைச் சரக்கைக் கவனியுங்கள். மோட்டார் உதிரிப் பாகக் கடை என்ற ஒன்று உலகில் சாத்தியம் என்பதற்கு அன்றைக்குத்தான் சான்று கிடைத்தது. அதே 1908-ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோர்டின் ‘டி’ மாதிரி வெளிவந்தது. 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள். அத்தனைக்கும் ஒரே அச்சான உறுப்புகள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சென்னையில் 1840 முதல் குதிரை வண்டி செய்துவந்த சிம்சன் கம்பெனியார் மோட்டாருக்கு மாறினார்கள். மதுரையில் 1911-ஆம் ஆண்டில் சுந்தரம் ஐயங்கார் தொழில் தொடங்கினார். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928 முதல் பம்பாயில் வண்டிகளைப் பூட்டலாயிற்று. ஃபோர்டு நிறுவனத்தாரும் இங்கே வந்தார்கள். பூட்டினார்களேயன்றிச் செய்யவில்லை, உறுப்புகள் கப்பலில் பெட்டிபெட்டியாக வந்தன. உதிரிப் பாகமும் அவ்வாறே. அச்சிட்ட உறுப்புப் பட்டியலைப் புரட்டி, எண்ணைக் குறித்து, விற்பனையாளருக்கு எழுதினால், பார்சல் ரயிலில் வந்து சேரும். இரண்டாம் உலகப் போர் மூண்டதும் இந்தக் கப்பல் கயிறு அறுந்தது. பெட்ரோலும் கிடைக்கவில்லை; உறுப்பும் கிடைக்கவில்லை. கரியை எரித்து வரும் வாயுவில் பேருந்து ஓட்டும் கலத்தைச் சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் செய்து விற்றது அக்காலத்தில்தான். பழைய டயருக்குப் புதுத் தோல் போடும் தொழிலும் செழித்தது. இல்லாமை ஒரு நல்ல ஆசிரியர். ஆனால் அவரிடம் விரும்பிப் போய்ப் படித்தவர் எவரும் இல்லை.

நாடு விடுதலை பெற்றபின் ஒரு பெரிய முடிவு எடுக்கப்பட்டது. வெளிநாட்டு உறுப்புகளைக் கொண்டுவந்து இங்கே பூட்டி மட்டும் விற்பவர்கள் தொழிலை நிறுத்திக்கொள்ள வேண்டும். படிப்படியாக உறுப்புகளை இங்கேயே செய்ய ஒப்புகிறவர்களே வண்டி செய்யலாம். 1953-ஆம் ஆண்டில் டாரிஃப் கமிஷன் தந்த அறிக்கையை ஒட்டி இந்தக் கொள்கை உறுதியாயிற்று. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டிக்கொண்டு போயின. இறக்குமதிக்கு லைசென்ஸ் வேண்டும். அந்நியச் செலாவணி அரிது. விளைவு என்ன? நேற்றுவரை ஊரெங்கும் ஓடிய செவர்லேயும் ஃபோர்டும் ஒரே நாளில் திக்கற்ற பிள்ளைகள் ஆயின. வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் தாய்வீடு மூடிவிட்டது.

எஞ்சியவற்றுள் கார் செய்வோராக மூன்று நிறுவனங்களை எண்ணலாம்: கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், சென்னையில் 1948-இல் தொடங்கிய ஸ்டாண்டர்ட். இவற்றுக்கு உறுப்பு செய்து கொடுக்கும் தொழிற்சாலைகள் எழுந்தன. நம் மாநிலம் இதில் முன்னணியில் நின்றது. 1949-இல் சென்னையில் இந்தியா பிஸ்டன்ஸ் தோன்றியது. சென்னையை அடுத்த பாடியில் 1960-இல் வீல்ஸ் இந்தியா, 1961-இல் லூகாஸ் டி.வி.எஸ்., 1962-இல் பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் கிளேட்டனும் என்று வரிசையாக வந்தன: சக்கரம், மின்கருவி, பிரேக், காற்றுப் பிரேக். வயலும் ஏரியுமாக இருந்த ஓர் ஊர், வண்டியின் கை கால்களைச் செய்யும் ஊராகிவிட்டது.

இக்கொள்கையைப் பிற்காலத்தார் பலர் குறை கூறியுள்ளனர். வாங்குவோருக்குத் தெரிவு இல்லை, வண்டிக்காகப் பல ஆண்டு காத்திருந்தார்கள், மாதிரி மாறவேயில்லை என்பார்கள். இவையெல்லாம் உண்மையே. ஆனால் மாதிரி மாறாததற்கு இன்னொரு முகம் உண்டு. அதைக் கடைக்காரர்தான் அறிவார். மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற ஆங்கில வண்டியின் மூன்றாம் வரிசையை அடியொற்றி 1957-இல் பிறந்த அம்பாசிடர், 2014 வரை உத்தர்பாராவில் செய்யப்பட்டது. ஐம்பத்தேழு ஆண்டுகள்! இடையில் இயந்திரம் மாறியது. மார்க் இரண்டு, மூன்று, நான்கு, நோவா என்று முகமும் சிறிது மாறியது. ஆயினும் உடம்பு பெரும்பாலும் அதே உடம்பு. எனவே, 1960-களின் அம்பாசிடருக்குக் கதவின் பிடி வேண்டுமென்றால், இங்கிலாந்தில் அதன் மூத்த சகோதரனை வைத்திருப்பவரைவிட நம் ஊர்க்காரருக்கு அது எளிதில் கிடைத்தது. இத்தாலியில் 1960-களிலேயே நின்றுபோன ஃபியட் 1100, பம்பாயில் பத்மினி என்ற பெயரோடு 2000-ஐ ஒட்டிய ஆண்டுகள்வரை ஓடியது. வாங்கும்போது நம்மைச் சலிப்படையச் செய்த அந்த மாறாமைதான், பழையதைப் பேணும்போது நமக்குச் செல்வமாயிற்று. என் கருத்தில் இது தற்செயலாகக் கிடைத்த நன்மை. திட்டமிட்டவர்கள் இதை எண்ணியிருக்க மாட்டார்கள்.

திருச்சிராப்பள்ளிக்கு இவ்விஷயத்தில் தனிச் சிறப்பு ஒன்று உண்டு. தென்னிந்திய ரயில்வேயின் பெரிய பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து 1928-இல் பொன்மலைக்கு வந்தது. 1965-இல் திருவெறும்பூரில் மிகுமின் நிறுவனம் வந்தது. இரும்பைக் கடையவும், துளைக்கவும், நூலளவு பிசகாமல் அளக்கவும் தெரிந்த கைகள் இந்நகரத்தில் தலைமுறை தலைமுறையாகப் பெருகின. நீலகிரி மலை ரயிலை இழுத்த சுவிட்சர்லாந்து நாட்டு நீராவி எஞ்சின்கள் முதுமையடைந்தபோது, அவ்வகையில் புதிய எஞ்சின்களையே 2011 முதல் பொன்மலையில் செய்து அனுப்பினார்கள். முழு எஞ்சினையே செய்தவர்கள் இருக்கும் ஊரில், ஒரு காரின் புஷ் கடைந்து தர ஆள் இல்லாமல் போகுமா? மேலப்புலிவார்டு சாலையிலும் பாலக்கரைப் பக்கத்திலும் உள்ள உதிரிப் பாகக் கடைகளுக்குப் பின்னால், லேத் பட்டறைகள் என்னும் இந்த மறைவான படை நிற்கிறது. கடையில் இல்லாததைப் பட்டறை தரும். பட்டறையில் செய்ய முடியாததைக் கடை தேடித் தரும்.

பழைய வண்டிக்காரர் கடைக்குப் போகும்போது வெறுங்கையோடு போகலாகாது. “பழைய சாமான் எங்கே?” என்பதே கடைக்காரரின் முதற் கேள்வியாக இருக்கும். கழற்றிய உறுப்பைக் காகிதத்தில் சுற்றி எடுத்துச் செல்லவேண்டும். அதன்மேல் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் துடைத்துப் பார்ப்பார். பெரும்பாலும் அதில் ஓர் எண் பொறித்திருக்கும். உருளைத் தாங்கி, அதாவது பேரிங், இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 6203 என்று ஓர் எண் இருந்தால், அதன் உள்விட்டம் 17 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 40, அகலம் 12. எந்த நாட்டில் யார் செய்ததானாலும் இதுவே அளவு. எனவே, காரின் பெயரையே சொல்லாமல், தண்ணீர் மோட்டாருக்குப் பேரிங் விற்கும் கடையிலும் அதை வாங்கிவிடலாம். தீப்பொறி தரும் பிளக்கும் இத்தகையதே. அங்குலத்தில் மட்டுமே எண்ணிய ஆங்கிலேயரும் அமெரிக்கரும்கூட அதன் மரைக்கு 14 மில்லிமீட்டர் என்ற ஐரோப்பிய அளவை ஏற்றுக்கொண்டார்கள். நாடுகள் கொடிக்காகச் சண்டையிட்டாலும் பிளக்கில் சமாதானமாகிவிட்டன.

மற்றவற்றில் சமாதானம் எளிதில் வரவில்லை. முன்னர்ச் சொன்ன மூன்று மரை மரபுகளும் இங்கேதான் வேலை காட்டுகின்றன. பழைய ஆங்கில ஸ்பானரில் கால் அங்குலம் என்று பொறித்திருந்தால், அது ஆணித் தண்டின் பருமனைக் குறிக்கும். அமெரிக்க ஸ்பானரில் அதே எண் ஸ்பானர் வாயின் அகலத்தைக் குறிக்கும். தெரியாதவர் மாற்றிப் போட்டுத் திருகினால் ஆணித் தலையின் முனைகள் மழுங்கி உருண்டையாகும். மாரிஸ் வண்டிகளில் இன்னொரு விந்தை. மாரிஸ் நிறுவனத்துக்கு எஞ்சின் செய்து தந்த பட்டறை, ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் கிளை. அங்கிருந்த இயந்திரங்கள் மில்லிமீட்டர் மரை வெட்டுபவை. ஆங்கில மெக்கானிக்கிடமோ விட்வொர்த் ஸ்பானர்தான் இருந்தது. ஆகவே, தலை ஆங்கில அளவு, மரை பிரெஞ்சு அளவு என்ற கலப்பு ஆணிகளைச் செய்தார்கள்! தலையைப் பார்த்து மரையை முடிவு செய்தவர்கள் எத்தனை எஞ்சின்களைக் கெடுத்தார்களோ! 1948-இல்தான் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் ஒரே மரைக்கு உடன்பட்டன. நம் நாடு 1956-இல் சட்டம் செய்து, 1958 முதல் மெட்ரிக் அளவுக்கு மாறத் தொடங்கியது. அந்த ஆண்டுகளில் ஓடிய ஒரு வண்டியைக் கழற்றினால் மூன்று நாட்டு மரையும் அதில் இருக்கும்.

பிஸ்டன் வாங்குவதிலும் ஒரு கணக்கு உண்டு. சிலிண்டர் தேய்ந்தால் அதைச் சற்றுப் பெரிதாகக் கடைவார்கள். அதற்கேற்பப் பெரிய பிஸ்டன் போடவேண்டும். “இருபதா, நாற்பதா, அறுபதா?” என்று கடைக்காரர் கேட்பது விலையை அன்று, அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு பெரிது என்பதையே. அறுபதையும் தாண்டிவிட்ட சிலிண்டருக்குப் புதிய உறை அடித்துப் பழைய அளவுக்கே திரும்பவேண்டும்.

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் குடியிருக்கும் என் நண்பர் ஒருவரிடம் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஒன்று இருக்கிறது. ஒருநாள் அதன் பிரேக் மிதி, காலை வைத்தால் மெல்ல மெல்லக் கீழே இறங்கலாயிற்று. மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே இருக்கும் ரப்பர்க் கிண்ணம் தேய்ந்துவிட்டது என்று மெக்கானிக் கூறினார். நண்பர் அதைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு, என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு, காவிரிப் பாலத்தின்மேல் பேருந்தில் சென்று, பாலக்கரைப் பக்கத்தில் ஒரு கடைக்குப் போனார். கடை உரிமையாளர் எழுபது வயதைக் கடந்தவர்; எல்லாரும் அவரைப் பாய் என்றே அழைப்பார்கள். அவர் அந்தக் கிண்ணத்தை விளக்கின் கீழ்ப் பிடித்துப் பார்த்தார். வெர்னியர் கொண்டு அளந்தார். கடைப் பையன் இதற்குள் வேறொரு வண்டியின் கிண்ணத்தை எடுத்து வந்துவிட்டான். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. மயிரிழை சிறியது, அவ்வளவே.

“இது போதாதா பாய்? தற்சமயத்துக்கு ஓடட்டுமே,” என்றார் நண்பர்.

பெரியவர் அதைத் திரும்பப் பெட்டியில் போட்டு மூடினார். “எஞ்சினுக்குக் கேட்டால் கொடுத்துவிடுவேன் சார். எஞ்சின் கெட்டால் வண்டி நின்றுவிடும். பிரேக் கெட்டால் வண்டி நிற்காது,” என்றார்.

பிறகு அவர் சொன்ன விவரங்கள் பௌதிக வகுப்பில் பாடமாக வைக்கத்தக்கவை. மிதியை அழுத்தும்போது திரவத்தின் அழுத்தம் ரப்பர்க் கிண்ணத்தின் உதட்டை விரித்துச் சுவரோடு ஒட்டச் செய்கிறது. கிண்ணம் சிறியதானால் உதடு சுவரைத் தொடாது, திரவம் பின்னால் நழுவும். முற்காலப் பிரேக் திரவம் ஆமணக்கெண்ணெயும் சாராயச் சத்தும் கலந்தது. அதற்கேற்ற ரப்பரையே உள்ளே வைத்தார்கள். அறியாதவர் அதில் எஞ்சின் எண்ணெயை ஊற்றினால் ரப்பர் ஊதிப் பருத்துப் பயனற்றுப் போகும். திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால் சிலிண்டரின் உட்சுவரும் நாளடைவில் துருப்பிடித்துக் குழிவிழும். குழிவிழுந்த சுவரில் புது ரப்பர் போட்டாலும் சில நாளில் கிழியும். “ஆகையால் ரப்பரைக் கொண்டு வராதீர்கள், சிலிண்டரைக் கொண்டு வாருங்கள்,” என்று அனுப்பிவிட்டார். மறுநாள் சிலிண்டர் போயிற்று. லேத் பட்டறையில் அதைத் துளைத்துப் பித்தளை உறை ஏற்றிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தார்கள். சரியான அளவுக் கிண்ணம் சென்னையிலிருந்து வர மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை நண்பர் எங்கும் நடந்தே போய்வந்தார். அன்று பையன் எடுத்து வந்த பொருளைப் பெரியவர் விற்றிருந்தால், அன்றே அவருக்குக் காசு கிடைத்திருக்கும். நண்பரும் நன்றி சொல்லிவிட்டே போயிருப்பார்.

இக்காலத்தில் போலி உறுப்புகள் புகழ்பெற்ற நிறுவனங்களின் பெட்டியிலேயே வருகின்றன. அச்செழுத்தைப் பார்த்து வாங்குபவர் எளிதில் ஏமாறுவர். உறுப்பைத் தெரிந்த கண் கடையில் இருந்தால்தான் பிழைத்தோம். அந்தக் கண் எண்ணைத் தட்டினால் பெயரைச் சொல்லும் கணிப்பொறியில் இல்லை. நாற்பது ஆண்டு மேசையின் பின்னே நின்று, ஆயிரக்கணக்கான பழைய உறுப்புகளைத் துடைத்துப் பார்த்து வருவது. அம்பாசிடரும் பத்மினியும் சாலையில் குறையக் குறைய, அந்த அலமாரிகளில் புதிய வண்டிகளின் சரக்கு ஏறுகிறது. கடைகளின் இளைய தலைமுறையினர் பழைய பெட்டிகளை எடைக்குப் போடுவதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆண்டுக்கு ஒருவர் கேட்கும் பொருளுக்கு வாடகை கொடுத்து இடம் வைத்திருக்க எவரால் முடியும்? ஆயினும் பெட்டியோடு போவது பெட்டி மட்டுமன்று. எது எதற்குப் பொருந்தும் என்ற அறிவும் உடன் போகிறது. இந்த அறிவை எந்த நூலிலும் எழுதி வைத்தாரில்லை. கல்லூரியில் இயந்திரவியல் பயிலும் மாணவர் சிலர் ஒரு விடுமுறையில் இத்தகைய பெரியவர்களிடம் உட்கார்ந்து குறிப்பெடுத்தால், அது ஓர் ஆராய்ச்சிப் பட்டத்துக்குத் தாழ்ந்த வேலை ஆகாது.

ஹெரால்டின் கதை அம்பாசிடரின் கதைக்கு நேர் எதிரானது. பிரிட்டனில் டிரையம்ஃப் ஹெரால்டு 1959 முதல் 1971 வரை செய்யப்பட்டது. உருவத்தை வரைந்தவர் மிக்கேலோட்டி என்ற இத்தாலியர். சென்னை ஸ்டாண்டர்ட் நிறுவனம் அதை 1961 முதல் இங்கே செய்தது. மூடியும் மட்காப்பும் ஒருங்கே முன்புறம் சாயும்படி அமைந்த வண்டி அது. எஞ்சினைச் சுற்றி நின்று வேலை செய்யலாம். 1970-களில் கெஸல் என்ற பெயரில் ஒரு மாற்றுருவம் வந்தது. 1988-இல் நிறுவனத்தின் கார்த் தொழிலே நின்றது. நம் நாட்டில் செய்தவை குறைவு, செய்தவரும் இல்லை. ஆயினும் இங்கிலாந்தில் ஹெரால்டைப் பேணும் அன்பர்கள் மிகுதி. ஆகவே எஞ்சின் உறுப்புகள் பலவற்றை அங்கே புதிதாகச் செய்து விற்கிறார்கள். 2001-ஆம் ஆண்டளவில் நம் இறக்குமதி வாயில் அகலத் திறந்தபின், பணமுள்ளவர் அவற்றை வரவழைக்கலாம். தாய்நாட்டில் கிடைக்காத உறுப்பு, வண்டியின் தந்தை நாட்டில் கிடைக்கிறது.

ஒரு பழைய வண்டியில் முதலில் கிடைக்காமற் போவது எஞ்சின் உறுப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் எஞ்சின் உறுப்பைக் கடைந்துகொள்ளலாம். கிடைக்காமற் போவன முன்கண்ணாடி, விளக்கின் சிவப்பு மூடி, கதவோர ரப்பர்ப் பட்டை, நிக்கல் பூசிய எழுத்துகள் ஆகியவையே. இவற்றை லேத்தில் செய்ய முடியாது, அச்சு வேண்டும். ஓர் அச்சுச் செய்ய ஆகும் செலவு மிகுதி. இவற்றுக்காகத்தான் சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில், உடைத்துக் குவித்த வண்டிகளிடையே மனிதர்கள் நாள்கணக்கில் தேடுகிறார்கள். சிறிய விளக்கு மூடி ஒன்று கிடைத்துவிட்டால், காணாமற்போன ஓலைச்சுவடி கிடைத்தது போல் மகிழ்கிறார்கள். அந்த மகிழ்ச்சியைக் கண்டு நான் நகைப்பதில்லை.

2021-ஆம் ஆண்டில் மத்திய அரசு ஒரு புதிய விதி செய்தது. முதற் பதிவு நாளிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகத் தனியே பதியலாம். பதிவு எண்ணில் அதற்கென்று தனி எழுத்துகள் வரும். ஆனால் வண்டி தொடக்க உருவிலேயே இருக்கவேண்டும். அடிச்சட்டத்தையோ உடற்கூட்டையோ எஞ்சினையோ மாற்றியமைத்திருக்கக் கூடாது. இதனால் கடைக்காரரின் மேசையில் ஒரு புதிய கேள்வி எழுந்துள்ளது. முன்பெல்லாம் ‘ஓடுமா?’ என்று கேட்டு வாங்கினார்கள். அம்பாசிடருக்கு வேறு நிறுவனத்தின் டீசல் எஞ்சினைப் பொருத்தி ஓட்டியவர்கள் எத்தனையோ பேர். பிழைப்புக்கு அது தகுந்த வழியாகவே இருந்தது. இப்போது ‘இதற்கே உரியதா?’ என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. தேய்ந்த பேரிங்கை மாற்றுவதும் எஞ்சினையே மாற்றுவதும் ஒன்றல்ல என்பது தெளிவு. இடைப்பட்ட உறுப்புகள் எத்தனையோ உள்ளன.

நண்பரின் ஹெரால்டுக்கு அந்த வகையில் ஒரு சங்கடம் உண்டு. பிரிட்டனில் ஹெரால்டு காருக்கு இரண்டே கதவுகள்தாம். சென்னைத் தொழிற்சாலையார் நம் நாட்டுக் குடும்பங்களுக்கேற்ப, பின்னால் இரண்டு கதவு கூட்டி நான்காக்கினார்கள். அந்தக் கதவு உலகில் வேறெங்கும் செய்யப்படவில்லை. எஞ்சினுக்கும் பிரேக்குக்கும் எந்த நாட்டிலிருந்தும் உறுப்பு வரும். பின்கதவுக்கு மட்டும் வராது. ஆகவே அவர் ஸ்ரீரங்கத்து வீதிகளில் வண்டியை நிறுத்தும்போது, பின்கதவு சுவர்ப் பக்கமாக இருக்கும்படி, சற்றே இடம்விட்டு, மாடும் மிதிவண்டியும் உரசாமல் நிறுத்துகிறார். தைத் தேர் நாளில் தேர் திரும்புவதற்கு முன் அதைத் தம் வீட்டு வாசலிலிருந்து எடுத்துச் சென்று, வீதிக்கு வெளியே, கூட்டம் எட்டாத ஓரிடத்தில் விட்டுவருகிறார்.